காலைப் பசியாறலை இரவே ஆயத்தம் செய்வோம்

"பசியாறியாயிற்றா?"

நம் மலேசியத் தமிழர் காலைப் பொழுதில் ஒருவரையொருவர் காணும்போது கேட்கும் வினா இது. நலமா என்று கேட்பதற்கு முன்னரே பசியாறியாயிற்றா என்று கேட்கும் பண்பு நம்முடையது. காலை உணவுக்குப் 'பசியாறல்' என்றே பெயரிட்டு வழங்கும் மக்கள் நாம். அத்தகைய நம் இல்லங்களிலிருந்து குழந்தைகள் சிலர் பசி ஆறாமலே பள்ளிக்கு வருகின்றனர். அதனை இவ்வாண்டு மலரில் எழுத நேர்ந்தமைக்கு நாங்கள் வருந்துகிறோம். ஆயினும் எழுதாமல் இருப்பது அதனினும் பெருந்தவறு எனக் கருதுகிறோம்.

ஒரு திங்கட்கிழமைச் சபைகூடலில், நாட்டுப்பண் முடிந்த சிறிது நேரத்தில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வரிசையிலேயே தரையில் அமர்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது, கைகள் சில்லிட்டிருந்தன. அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்துச் சென்று, தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்து எழுந்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டோம். "நேற்று ராத்திரி சோறு சாப்பிட்டேன், டீச்சர்" என்றாள். பின்னர், நாங்கள் கேளாமலே, "அம்மா காலையில் வேலைக்குப் போய்விடுவார், அம்மாமேல் தப்பில்லை" என்றும் சொன்னாள்.

எட்டு வயதுக் குழந்தை தன் தாய்க்காக வாதாடியது எங்கள் நெஞ்சைத் தொட்டது. அவள் சொன்னதும் உண்மையே. இன்று நம் தாய்மார்களில் பலர் தொழிற்சாலைகளில் சுற்றுமுறை வேலை செய்கின்றனர். தந்தையர் சிலர் இரவெல்லாம் லாரி ஓட்டுகின்றனர். பள்ளி வேனோ பொழுது புலருமுன், 6 மணிக்கே வாசலில் வந்து நிற்கிறது. அந்நேரத்தில் குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டிச் சீருடை அணிவிப்பதே பெரும்பாடு. அடுப்பை மூட்டித் தோசை வார்ப்பதற்கு நேரம் ஏது? ஆகவே, இக்கட்டுரை எந்தத் தாயையும் குறை கூறுவதற்கன்று. வழி ஒன்று சொல்வதற்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். இரவு 8 மணிக்கு உணவு உண்ட குழந்தை, காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்து, 10 மணி ஓய்வு நேரத்தில்தான் அடுத்த உணவைக் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 14 மணி நேரம் கழிந்துவிடுகிறது. பெரியவர்களின் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கிறது. வளரும் குழந்தைகளிடத்தில் அப்பங்கு இன்னும் மிகுதி. கணிதமும் மொழியும் பெரும்பாலும் காலை வேளையிலேயே கற்பிக்கப்படுகின்றன. வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, "கவனம் எங்கே போயிற்று?" என்று கேட்கும் ஆசிரியர்களாகிய நாங்களும் அந்த வினாவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திவரும் கூடுதல் உணவுத் திட்டம் பலருடைய பசியைத் தீர்த்து வருகிறது. அதனை நன்றியுடன் பாராட்டுகிறோம். எனினும், அத்திட்டத்தில் இடம்பெறாத பிள்ளைகளும் பசியோடு வருகின்றனர். அவர்கள் வீட்டில் அரிசியும் இருக்கிறது, பாலும் இருக்கிறது; நேரம் ஒன்றுதான் இல்லை. எங்கள் கருத்து இதுதான்: காலை உணவு காலையில் தவறுவதில்லை, முதல் நாள் இரவிலேயே தவறிவிடுகிறது. ஆகவே, அதனை இரவிலேயே ஆயத்தம் செய்தல் வேண்டும்.

இது நமக்குப் புதிதா?

இல்லை. இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியரை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, இருள் பிரியும் வேளையில் பால்மரம் வெட்டத் தொடங்கியவர்கள் அவர்கள். அந்நேரத்தில் அடுப்படியில் நின்று சமைக்க அவர்களுக்கும் பொழுதில்லை. முதல் நாள் இரவே எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தனர். காலையில் அதனைத் தூக்குச் சட்டியில் இட்டு, வெங்காயமோ ஊறுகாயோ துணையாக எடுத்துச் சென்று, மரநிழலில் அமர்ந்து பசியாறினர். இரவில் ஊறவைத்தல், காலையில் கையோடு எடுத்துச் செல்லல் என்னும் இரண்டும் நம் குடும்பங்களில் நன்கு பழகிய வழக்கங்களே. தோட்டங்களை விட்டு நகரங்களுக்கு வந்தபோது, தூக்குச் சட்டியோடு அந்த நல்ல வழக்கத்தையும் விட்டுவிட்டோம்.

அவ்வழக்கத்தை இக்காலத்துக்கு ஏற்ப மீட்பதற்கு எளிய தானியம் ஒன்று இன்று எல்லா மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது. அதுவே ஓட்ஸ். இது குளிர்ந்த நாடுகளில் விளைவது. நம் மண்ணில் விளைவதன்று. ஆயினும், கோதுமையும் இங்கு விளைவதில்லை. அதனை நாம் ரொட்டியாகவும் சப்பாத்தியாகவும் நாள்தோறும் உண்கிறோம் அன்றோ?

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பிர்ச்சர் பென்னர் என்றொரு மருத்துவர் வாழ்ந்தார் (1867–1939). தம் நோயாளிகளைப் பழம் உண்ணச் செய்வதே அவருடைய நோக்கம். அதற்காக, ஒரு கரண்டி ஓட்ஸை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காலையில் பெரிய ஆப்பிள் ஒன்றைத் துருவிக் கலந்து, சிறிது எலுமிச்சைச் சாறும் கொட்டைப் பருப்பும் கெட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் 'மியூஸ்லி' என வழங்கும் உணவின் தொடக்கம் அதுவே. அவருடைய கிண்ணத்தில் தானியம் சிறிது, பழமே பெரிது என்பதைப் பெற்றோர்கள் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம். ஆப்பிள் அவர் ஊர்ப் பழம். நமக்கு நம் ஊர்ப் பழங்கள் இருக்கின்றன.

ஓட்ஸின் சத்தைப் பற்றியும் சிறிது கூறுவோம். 40 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 150 கலோரி ஆற்றலும், 5 கிராம் புரதமும், 4 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அந்நார்ச்சத்தில் ஒரு பகுதி 'பீட்டா குளுக்கன்' எனப்படும். அது நீரில் கரைந்து கூழ்போல் ஆகி, செரிமானத்தை மெதுவாக்குகிறது. ஆகவே, வெள்ளை ரொட்டியை விட நீண்ட நேரம் பசி தாங்குகிறது. இந்நார்ச்சத்து இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கத் துணைபுரியும் என்பதால், 1997ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், ஓட்ஸ் உணவுப் பொட்டலங்களில் அதனைக் குறிப்பிட இசைவளித்தது. எனினும், ஓட்ஸை மந்திரப் பொருளாக நாங்கள் போற்றவில்லை. இட்டிலியும் கேழ்வரகுக் கூழும் அவித்த முட்டையும் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றைக் காலையில் செய்துதர இயலும் இல்லங்கள் அவற்றையே தருக. இயலாத இல்லங்களுக்காகவே ஓட்ஸைப் பற்றிப் பேசுகிறோம்.

நாங்கள் கற்ற பாடம்

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியின் நலவாழ்வு வாரத்தில், நல்லது செய்கிறோம் என்ற மகிழ்ச்சியில், பெரிய பானை நிறைய ஓட்ஸை நீரில் வேகவைத்து, உப்பிட்டு, பிள்ளைகளுக்கு வழங்கினோம். ஒரு வாய் உண்ட இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், இது பசை மாதிரி இருக்கு" என்றான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டனர். பசியை ஆற்ற வந்த உணவு பசையாகிப் பானையோடு திரும்பிற்று.

மறுநாள் அதே ஓட்ஸைப் பாலில் ஊறவைத்தோம். வாழைப்பழம், பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றை நறுக்கித் தனித்தனித் தட்டுகளில் பரப்பி, "உங்களுக்கு வேண்டியதை நீங்களே மேலே தூவிக்கொள்ளுங்கள்" என்றோம். கிண்ணங்கள் காலியாயின. பசை என்று சொன்ன அதே மாணவன் இரண்டாம் முறையும் வந்து நின்றான். மாறியது தானியமன்று, தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தந்தோம், அவ்வளவே. வீட்டிலும் இதனையே செய்யுமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரவில் மூடியைத் திறந்து வைத்து, "நாளைக்கு என்ன பழம் போடலாம், கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். தானே தேர்ந்தெடுத்த உணவைக் குழந்தை எளிதில் வேண்டாமென்று தள்ளாது.

செய்முறை மூன்று

முதலாவது, ஊறவைக்கும் முறை. ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் தட்டையான ஓட்ஸ் போதும்; பெரிய கரண்டியால் நான்கு அல்லது ஐந்து கரண்டி எனலாம். அதனை இறுக மூடக்கூடிய சிறு புட்டியில் இட்டு, அரைக் கோப்பைப் பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுக. காலையில் அது மென்மையாக ஊறியிருக்கும். பால் ஒவ்வாத பிள்ளைகளுக்குச் சோயாப் பால் ஊற்றலாம். உடைத்த முழுத் தானியமாக விற்கப்படும் ஓட்ஸ் இம்முறைக்கு ஏற்றதன்று. அது எளிதில் ஊறாது.

இரண்டாவது, சுடுகலன் முறை. குளிர்ப்பெட்டி இல்லாத இல்லங்களுக்கும், குளிர்ந்த உணவை விரும்பாத பிள்ளைகளுக்கும் இது ஏற்றது. வாயகன்ற சுடுகலனில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்து, பின் அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். அதற்குள் ஒரு பங்கு ஓட்ஸை இரண்டு பங்கு நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, கொதிக்கக் கொதிக்கக் கலனில் இட்டு மூடுக. இதற்குக் காலையில் பத்து நிமிடம் வேண்டும். ஓட்ஸையும் உப்பையும் இரவே அளந்து எடுத்து வைத்தால் அந்நேரமும் குறையும்.

மூன்றாவது, இலையில் அவிக்கும் முறை. மலாய் நண்பர்கள் செய்யும் 'லெப்பாட் பீசாங்' நம்மில் பலரும் உண்டு மகிழ்ந்த பலகாரம். அதில் மாவுக்குப் பதிலாக ஓட்ஸைச் சேர்க்கலாம். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்களை மசித்து, ஒரு கோப்பை ஓட்ஸோடு பிசைந்து, வாட்டிய வாழையிலையில் சிறு பொட்டலங்களாக மடித்து, இருபது நிமிடம் ஆவியில் அவிக்க வேண்டும். சர்க்கரை வேண்டுவதில்லை, பழமே இனிக்கும். சிந்தாது, சிதறாது, கரண்டியும் வேண்டா. இரவில் அவித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் மீண்டும் ஆவி காட்டிக் கொடுத்தால் போதும். வேனில் செல்லும் பிள்ளைக்கு இதனினும் ஏற்ற பசியாறல் வேறில்லை.

பருவத்துக்கேற்ற பழம்

நம் நாட்டில் குளிர்காலமும் கோடைக்காலமும் இல்லை. ஆயினும் பழங்களுக்குப் பருவம் உண்டு. வாழை, பப்பாளி, கொய்யா, அன்னாசி ஆகியவை ஆண்டு முழுதும் கிடைப்பவை, விலையும் குறைவு. பெர்லிஸ் மாநிலத்தின் புகழ்பெற்ற ஹாருமானிஸ் மாம்பழம் ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை வரும். பல இடங்களில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் குவியும். அவற்றைத் தொடர்ந்து டூக்குவும் லங்சாட்டும் வரும். பருவத்தில் வரும் பழமே சுவையும் மிக்கது, மலிவும் ஆனது. குளிர்நாட்டுப் பழங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீட்டின் பின்புறம் ஒரு வாழையோ பப்பாளியோ நின்றால், பாதிப் பசியாறல் அங்கேயே நிற்கிறது.

சில எச்சரிக்கைகளும் தேவை. ரம்புத்தான், லங்சாட் ஆகியவற்றின் விதையை நீக்கியே பிள்ளைகளுக்குத் தரவேண்டும். நறுக்கிய வாழைப்பழம் கறுத்துவிடும். ஆகவே, முழுப்பழமாகத் தோலோடு கொடுத்தனுப்பி, உண்ணும்போது உரித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். வேர்க்கடலையும் பிற கொட்டைகளும் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையைத் தரும். எனவே, அவை கலந்த உணவை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாகாது எனச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பகிர்ந்துண்ணல் நம் பண்பே. ஆயினும் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது தீங்காகும்.

இவை எல்லாவற்றினும் முக்கியமானது நம் நாட்டின் வெப்பம். பாலும் தயிரும் கலந்த உணவு இவ்வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதனை உண்டுவிடுதல் நன்று. இரண்டு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. உறைந்த நீர்ப்புட்டி ஒன்றை அருகில் வைத்து அனுப்பினால் கூடுதல் பாதுகாப்பு. பத்து மணி ஓய்வுக்கு என்று அதனைப் பையில் வைத்திருக்க ஒருபோதும் விடக்கூடாது.

இனிப்பைப் பற்றி ஒரு சொல்

ஓட்ஸ் நல்லதென்று சொன்னவுடன், சுவையூட்டிய சிறு பொட்டலங்களை வாங்கி அடுக்கும் பெற்றோர்களும் உள்ளனர். அப்பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை என்பது ஒரு தேக்கரண்டி. எத்தனை தேக்கரண்டி என்று பிள்ளையையே வகுத்துச் சொல்லச் சொல்லுங்கள். கணிதப் பயிற்சியும் ஆகும், கண்ணும் திறக்கும். அதன்மேல் கெட்டிப்பாலை ஊற்றினால், காலை உணவு இனிப்புப் பண்டமாகிவிடும்.

இதில் நாங்கள் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவர், நீரிழிவு உடையவர்களாக இருந்தனர். மூன்று பேரினத்தவருள் இந்தியரிடையேதான் அவ்விகிதம் மிகுந்திருந்தது. நம் வீடுகளில் இன்சுலின் ஊசி குத்திக்கொள்ளும் தாத்தாவையோ, கால்புண் ஆறாத பாட்டியையோ காணாத பிள்ளைகள் எத்தனை பேர்? அரசாங்கம் 2019 ஜூலை 1ஆம் நாள் முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. நாமே வீட்டில் கரைத்துக் கொடுக்கும் இனிப்புக்கு யார் வரி விதிப்பது? அளவறிந்து உண்ணும்படி வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அவ்வளவைக் குழந்தையின் நாவுக்குப் பழக்கும் பொறுப்பு நம்முடையது.

எங்கள் வேண்டுகோள்

"ஓட்ஸ் நோயாளிகளின் உணவு" என்பர் சிலர். நோய் வந்த பின் உண்பதை நோய் வருமுன் உண்டால் என்ன குறை என்பதே எங்கள் விடை. "என் பிள்ளைக்குக் காலையில் வாயில் ஒன்றும் இறங்காது" என்பர் வேறு சிலர். உண்மைதான், 5.30 மணிக்கு எழுப்பிய உடனே இறங்காது. 7 மணிக்குப் பள்ளியில் நண்பர்களோடு அமர்ந்தால் இறங்கும். கையோடு எடுத்துவரும் உணவின் பயன் இதுவே.

தந்தையர்க்கும் ஒரு சொல். புட்டியில் ஓட்ஸை இட்டுப் பால் ஊற்றி மூடுவதற்குச் சமையற்கலை வேண்டுவதில்லை. மூன்று நிமிடம் போதும். தொலைக்காட்சியின் விளம்பர இடைவேளையில் முடிந்துவிடும் பணி அது. தாய் ஒருத்தியே அதனையும் சுமக்க வேண்டியதில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களோ தாமே செய்துகொள்ளலாம். தம்பி தங்கைக்கும் சேர்த்துச் செய்து வைத்தால் இன்னும் நன்று.

பள்ளியின் பங்கையும் நாங்கள் மறக்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் இரண்டு மேசைகளை, மணி அடிப்பதற்கு முன் வந்து உண்ணும் பிள்ளைகளுக்கென ஒதுக்கியுள்ளோம். ஆசிரியர் ஒருவர் அங்கே இருப்பார். கரண்டி மறந்தவர்க்குக் கரண்டியும் கிடைக்கும். உணவே மறந்தவர்க்கும் ஒரு கிண்ணம் கிடைக்குமாறு செய்தல் வேண்டும். அதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் துணைநிற்கும் என நம்புகிறோம். யார் கொண்டுவந்தார், யார் கொண்டுவரவில்லை என்று பிறர் அறியும்படி கேட்கமாட்டோம். பசியினும் கொடியது, பசித்திருப்பது பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சம்.

அன்று சபைகூடலில் தரையில் அமர்ந்துவிட்ட அம்மாணவி இப்போது அம்மேசையில் வந்து அமர்கிறாள். அவளுடைய அப்பா இரவில் கட்டிக் கொடுக்கிறாராம். பழத்தை மட்டும் தான்தான் தேர்ந்தெடுப்பதாகப் பெருமையோடு சொன்னாள்.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! இன்றிரவு உறங்கச் செல்லுமுன், கதவைப் பூட்டி விளக்கை அணைக்கும்போது, நாளைய பசியாறல் ஆயத்தமா என்று ஒருமுறை பாருங்கள். காலையில் பள்ளி வாசலில் உங்கள் பிள்ளையை நாங்கள் காணும்போது, "பசியாறியாயிற்றா?" என்று கேட்போம். "ஆயிற்று, டீச்சர்" என்னும் விடையோடு எங்கள் பாடம் இனிதே தொடங்கட்டும்.